பாறைக்குத் திருநீறு

ஞாயிறு, செப்டெம்பர் 15

போனில் திசை பார்த்துக் காட்டுக்குள் ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடும் விளையாட்டுக்கு இன்று அண்ணையையும் கூட்டிப்போனேன். மொன்றியல் வந்து ஒரு வருடமாகியும் வீட்டையும் டொலார்ட் கோயிலையும் தவிர அவர் எதையும் கண்டதில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில், பூர்வகுடிகள் காவிச் சிவப்பில் உருவங்கள் வரைந்த பழைய பாறை இருந்தது. தொடக்கூடாது என்று பிரெஞ்சில் பலகை. அண்ணைக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் பெட்டியைத் திறந்துவிட்டுத் திரும்பினால், சப்பாத்தைக் கழற்றிவைத்து, நடு உருவத்துக்கு மூன்று குறி திருநீறு பூசிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். வெட்கக்கேடு.

அங்கே காவலுக்கு நின்ற பூர்வகுடிப் பெண் ஓடிவந்தாள். இந்த ஆள் உன்னோடு வந்தவரா என்று கேட்டாள். இல்லை என்றேன். அண்ணை தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வணக்கமான "பொன்ஜூர்" என்று சிரித்தபடி அவளுக்கும் திருநீறு நீட்டினார். அவள் அழுதுவிட்டாள். நான் தனியே நடந்துபோய்க் காருக்குள் இருந்தேன்.

அவர் வந்து ஏறியதும் கேட்டார்: "தங்கச்சி, அந்த மனுசி ஏன் அழுதவ?"

"நீங்கள் கும்பிட்டது அவவுக்குச் சரியான சந்தோசம்."

"அப்ப வாற கிழமை கற்பூரமும் கொண்டுபோவம்."

ஓம் என்றேன். இப்போது பக்கத்து அறையில் இருந்து, கோயில் ஆட்களுக்குப் போன் எடுத்து யார் யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.