சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர்

குமராட்சி
கார்த்திகை, 1969

கல்கத்தாவில் இருக்கும் அன்பு மகன் ஞானசேகரனுக்கு அப்பா எழுதுவது. நடராசர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்லபடி இருக்கிறோம், உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று எழுது. நல்லபடி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி எழுதுவதைப் பதறாமல் படி.

போன வாரம் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து சிதம்பரம் ரோடு முழுகி பஸ் நின்றுபோன அன்று அம்மாவுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மத்தியானத்துக்குள் கண் குழிவிழுந்து குரல் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுத் தைலம்மாள் வந்து பார்த்து, தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப்போடுங்கள் என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, ஆனால் அம்மா தண்ணீர் தண்ணீர் என்று உதட்டை அசைத்தாள். சித்திரையில் நீ வந்திருந்தபோது, நீ வேலை பார்க்கும் காலரா வார்டில் நோயாளிகளுக்குச் செய்து பார்ப்பதைச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேதி காணும்போது குடலில் உள்ள செல்லின் சவ்வு உப்பைத் தனியாக உள்ளே வாங்காது, சர்க்கரை துணைக்குப் போனால் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போய்விடும் என்றாய். அன்றைக்குப் பாதிதான் காதில் விழுந்தது, நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சி ஆறின தண்ணீரில் சர்க்கரை போட்டு, உப்பு கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாதென்று நீ சொன்னபடி நாக்கில் வைத்துப் பார்த்து, கரண்டி கரண்டியாக ஊட்டினேன். வாந்தி எடுத்தாள், கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊட்டினேன். தப்பாய்ப் போய்விட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே அடுத்த கரண்டியை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேகரு, எப்பப்பா வந்த?" என்றாள். நீ இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இப்பதாம்மா வந்தேன், குடி" என்றேன். உனக்காகக் குடித்தாள். மறுநாள் மூத்திரம் போனாள், முகத்தில் களை வந்தது. வெள்ளம் வடிந்ததும் வண்டி கட்டி சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அங்கே பாட்டில் ஏற்றினார்கள். நேற்று வீட்டுக்கு வந்து மோர்ச்சோறு சாப்பிட்டாள்.

நீயும் அந்த வார்டிலேயே கிடக்கிறவன், சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதே. குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள். நோய்நொடி அண்டாமல் நீ நெடுநாள் வாழ எங்கள் ஆசீர்வாதம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "தேறிட்டேன்னு எழுதாதீங்க, அப்பறம் அவன் வரமாட்டான்" என்கிறாள். தேறிவிட்டாள் என்றுதான் எழுதுகிறேன். இருந்தாலும் ஒருதரம் வந்துவிட்டுப் போ.

உன் அப்பா
கோவிந்தசாமி