பின் கண்ணாடியின் பச்சை

என் செல்ல அண்ணாவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் இப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்த வருஷம் புத்தகங்களுக்கு அம்மாதான் அட்டை போட்டாள். எல்லாம் கோணல். நீ பார்த்தால் சிரிப்பாய்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்க வேண்டியது. அப்போது எனக்கே தெரியாது.

காவிரியில் குளிக்கப் போன இடத்தில் துண்டால் பிடித்து, பால் தூக்கில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்து ஆஸ்டின் டவுன் வரை கொண்டுவந்தாயே, மூன்று குட்டி மீன்கள். தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க மேலும் கீழும் போகும். "பாரு பேபி, சுவத்துக்குப் பூச்சு வேல நடக்குது," என்று சொல்லி, மேஸ்திரி என்று பேர் வைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முன் கண்ணாடியை மட்டும் துடைப்பாய். பின் கண்ணாடி பாசி பிடித்தே கிடக்கும். "சோம்பேறி," என்பேன். "போடி புத்தகப் புழு. அது மேஸ்திரிங்க வேல, நான் ஏன் செய்யணும்?" என்பாய்.

மஞ்சள் காமாலை என்று உன்னைச் சேர்த்த மறு வாரம், நீ வரும்போது தொட்டி புதிதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, தேங்காய் நாரால் நாலு பக்கமும் தேய்த்தேன். கூழாங்கற்களைக்கூட விடவில்லை. உன் கட்டிலருகே வந்து பெருமையாகச் சொன்னேன்: "அண்ணா, நாலு கண்ணாடியும் பளபளன்னு இருக்கு!"

நீ என்னையே பார்த்தாய். கண் முழுக்க மஞ்சள். பிறகு, "பலே," என்றாய். "தொட்டிய ஜன்னலாண்ட தள்ளி வெய்யி பேபி. வெயில் படட்டும்." அதற்குள் வார்டு ஆயா, "டைம் ஆய்த்தம்மா, நடி நடி," என்று என்னையும் அம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டாள்.

"இப்ப தொட்டிதான் முக்கியமா?" என்றாள் அம்மா. நானும் அதை நகர்த்தாமல் விட்டுவிட்டேன். அந்த வியாழக்கிழமையே நீ போய்விட்டாய்.

உன் காரியம் முடிவதற்குள் இரண்டு மேஸ்திரிகள் செத்துவிட்டன. பொரியைத் தூளாக்கிப் போட்டேன், சோறு போட்டேன். தொடவே இல்லை. வயிறு ஒட்டிப்போய், வெறும் கண்ணாடியையே நக்கிக்கொண்டிருந்தன, அண்ணா. பள்ளி நூலகத்தில் தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பச்சைதான் அவற்றின் சாப்பாடு. வெயில் பட்டால்தான் அது திரும்ப வளரும்.

உனக்கு அன்றே தெரியும், இல்லையா? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? அந்த நிலைமையிலும் என் முகம் வாடக் கூடாது என்று நினைத்தாயா?

ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது. அம்மாவே ஒரு பக்கம் பிடிக்க, தொட்டியை ஜன்னலோரம் நகர்த்திவிட்டோம். மதில்மேல் ஊறுகாய் ஜாடியில் தண்ணீரும் கற்களும் போட்டு வெயிலில் வைத்திருக்கிறேன். பச்சை பிடித்த கல்லாகப் பார்த்துத் தினமும் ஒன்று தொட்டிக்குள் போடுகிறேன்.

நேற்று பின் கண்ணாடியில் காலணா அளவுக்குப் பச்சை. மேஸ்திரி அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். "புள்ள சாப்புடுது," என்றாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துடைக்கிறேன் அண்ணா. முன் கண்ணாடியை மட்டும்.

உன் புத்தகப் புழுத் தங்கை,
பேபி