சைபருக்கு ரெண்டு மடங்கு

மார்ச் 4, திங்கள்

இன்று மறுபடியும் வேலைக்குப் போனேன். குளிர் அறையில் ஆப்பிள் பிரிக்கிற வேலை. அழுகினதை எடுத்துக் கூடையில் போடணும், நல்லதை அட்டைப் பெட்டியில் அடுக்கணும். கை தன்னால் செய்தது. கூட இருந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ அக்கா என்று எல்லாரும் கூப்பிடுகிறவள் சாப்பாட்டு மணி அடிக்கிற வரை வாயைத் திறக்கவில்லை. பாவம், அடக்கி வைத்ததில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது.

இந்த டைரி என் வீட்டுக்காரருடையது. கம்பெனியில் டிரைவர்களுக்கு வருஷா வருஷம் கொடுப்பார்கள். ஒரு வரி எழுதினதில்லை. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கத்தான் எடுப்பார். அட்டையில் வட்டமாகத் தழும்பு இருக்கிறது. நான் அஞ்சாவது வரை படித்தவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். யார் பார்க்கப்போகிறார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

அந்தக் கேள்வியை எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது.

காலையில் ஷூ மாட்டும்போது ஏதாவது புதிர் போடுவது அவர் வழக்கம். மகள் சீக்கிரமே காலேஜுக்குப் போய்விடுவாள், அவரிடம் அகப்படுகிறது நான்தான். போன மாதம், அவருடைய கடைசி நாளன்று கேட்டார்: “இன்னைக்கு சைபர் டிகிரி. நாளைக்கு இதைவிட ரெண்டு மடங்கு குளிருமாம். அப்ப நாளைக்கு எத்தனை டிகிரி?”

சைபர் என்றேன்.

“அப்ப ரெண்டு நாளும் ஒரே குளிரா? ரெண்டு மடங்குன்னு சொன்னேனே.”

எனக்கு அடுப்பில் வேலை. போங்க, வேற வேலை இல்ல உங்களுக்கு என்றேன். சிரித்தார். “யோசிச்சு வை. சாயங்காலம் வந்து சொல்றேன்.”

சாயங்காலம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நெஞ்சு வலி வந்ததும் லாரியை ஓரம் கட்டியிருக்கிறார். இன்ஜினை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பின்னால் குளிர்ப்பெட்டியில் இருக்கிற சரக்கு கெட்டுவிடும். ஆள் போன பிறகும் பெட்டி ஜில்லென்றுதான் இருந்ததாம். ஒரு காய் வீணாகவில்லை என்று முதலாளி வந்து சொன்னார். நல்லதாகத்தான் சொன்னார்.

மார்ச் 7, வியாழன்

சூப்பர்வைசரிடம் கேட்டேன். யார் கேள்வி என்று சொல்லவில்லை. “சைபருக்கு ரெண்டு மடங்கு சைபர்தாம்மா, இதுல என்ன இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனவர் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். “ஆனா குளிரணுமே?” என்றார். தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் இதே பேச்சுதான். மைனஸ் ரெண்டு என்று ரேடியோ அக்கா அடித்துச் சொன்னாள். எப்படி என்றால், எனக்கு அப்படித்தான் படுது என்றாள். அவள் பேச ஆரம்பித்ததில் எனக்கு நிம்மதி.

மார்ச் 8, வெள்ளி

இன்றும் அழுகை வரவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். மகள் அத்தை வீட்டோடு போய் இருக்கப்போகிறாளாம். அங்கிருந்து காலேஜ் கிட்டவாம். அடுத்த ஞாயிறு வந்து கூட்டிப் போகிறேன் என்கிறாள் நாத்தனார். இரண்டு பேரும் முன்னாடியே பேசி முடித்துவிட்டார்கள். எனக்குச் சேதி மட்டும்தான்.

காலேஜ் இத்தனை நாளும் அங்கேதானே இருந்தது, இப்ப என்ன புதுசா என்றேன். அதற்குத்தான் மகள் சொன்னாள்.

“இது அப்பா செத்த வீடு மாதிரியே இல்லம்மா. நீ பாட்டுக்கு எழுந்திரிக்கற, சமைக்கற, வேலைக்குப் போற. உன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி நான் பார்க்கல.”

நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அவ சின்னப் பொண்ணு அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க” என்றாள். ஆனால் இல்லை என்று மறுத்துப் பேசவில்லை.

நான் என்ன செய்வேன்? வராததை எங்கே போய் வாங்கிட்டு வர்றது? வெங்காயம் நறுக்கினாலும் எனக்கு வரமாட்டேங்குது. அவளும் போயிட்டா இந்த வீட்டுல நான் யாருக்கு சமைக்கறது, யாரு முகத்துல முழிக்கறது — எனக்கே என்னைப் பார்த்தா பயமா இருக்கு. கல்லா நான்?

மார்ச் 11, திங்கள்

அவளைப் பேசவைக்க வேறு வழி தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டேன். காலேஜில் இதெல்லாம்தானே படிக்கிறாள்.

முதலில் கடனே என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். “சைபர்னா சூடே இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. தண்ணி உறையற இடத்துக்கு யாரோ சைபர்னு பேர் வச்சுட்டாங்க, அவ்வளவுதான். அதுக்குக் கீழயும் சூடு இருக்கு. ரொம்பக் கீழ போனாத்தான் நிஜ சைபர்.” அங்கிருந்து எண்ணினால்தான் ரெண்டு மடங்கு என்கிற பேச்சுக்கே இடம் என்றாள். பாதி புரிந்தது. அவள் இவ்வளவு பேசி எத்தனை நாளாச்சு.

“யாரு கேட்டா இதை?”

அப்பா, அன்னைக்குக் காலையில, என்றேன்.

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ.

மார்ச் 13, புதன்

இன்று நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் அறைக் கதவுக்கு மேலே ஒரு போர்டு உண்டு. உள்ளே எவ்வளவு குளிர் என்று சிவப்பு எழுத்தில் காட்டும். பழைய போர்டு. ஆப்பிளுக்கு சைபரில் இருக்கணும். சைபர் என்றுதான் இருந்தது. கோட்டு, கையுறை, கம்பளிக் காலுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம்.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. காய்ச்சல் போல என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் பார்த்தால் எல்லாருக்கும் மூஞ்சி வழிகிறது. ஒருத்தரும் கோட்டைக் கழற்றவில்லை. போர்டில் சைபர் என்று இருக்கிறதே! சூப்பர்வைசர் இரண்டு தடவை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சைபர்தான், சைபர்தான் என்றார். கடைசியில் ரேடியோ அக்கா கோட்டைக் கழற்றி வீசினாள். “போர்டுக்கு வேணா குளிரட்டும். எனக்கு வேகுது.”

கரண்டுக்காரர் வந்து ஏணி போட்டு ஏறினார். உள்ளே போகிற கம்பி அறுந்து தொங்கியது. போர்டில் சைபர் வந்துவிட்டால் குளிர் மெஷின் தன்னால் நின்றுவிடுமாம். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் அவர் சொன்னது எனக்குத்தான் முதலில் கேட்டது.

“கம்பி அறுந்தா இது சைபர்னுதாம்மா காட்டும். உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது.”

ஏணியை விட்டுவிட்டேன் போல. மேலேயிருந்து கத்தினார்.

மார்ச் 14, வியாழன்

அவளிடம் சொல்ல வேண்டும். காலையில் வாயெடுத்தேன், டிபன் டப்பா மூடியைப் பற்றிப் பேசிவிட்டு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16, சனி

துணியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றபடி போர்டு கதையைச் சொன்னேன். வேர்க்க வேர்க்கக் கோட்டோடு நின்றதைச் சொன்னபோது உதடு கொஞ்சம் சிரித்தது. கரண்டுக்காரர் சொன்னதையும் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கையில் இருந்த துணியை மடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“உள்ள எப்படிம்மா இருந்துச்சு?”

“பெட்டியெல்லாம் நனைஞ்சு ஒழுகிடுச்சுடி. அடியில இருந்ததெல்லாம் அழுகிப்போச்சு. யாருக்கும் தெரியல.”

கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். போய் உட்கார்ந்தேன். அன்று காலையில் நடந்தது எல்லாம் கேட்டாள். ஷூ மாட்டினது, சிரித்தது, சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்றது, எல்லாம் சொன்னேன். அவர் என்ன பதில் வைத்திருந்தாரோ, அதுதான்டி எனக்குத் தாங்கல என்றேன்.

“அப்பாவுக்கா? அப்பாவுக்கு பதிலே தெரிஞ்சிருக்காதும்மா. சாயங்காலத்துக்குள்ள யாருகிட்டயாவது கேட்டுட்டு வந்திருப்பார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரேதான் அது, அச்சு அசல். சிரிக்கச் சிரிக்க நடுவில் அது வேறென்னவோ ஆகிவிட்டது. நிற்கவே இல்லை. அவள் மடிக்காத துணியாலேயே என் முகத்தைத் துடைத்தாள்.

மார்ச் 17, ஞாயிறு

நாத்தனார் வண்டியோடு வந்தாள். டீ குடித்தாள். காலி வண்டியில் போனாள்.

மார்ச் 18, திங்கள்

மகள் காலையில் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“அம்மா, இன்னைக்கு சைபர் டிகிரி. நாளைக்கு இதைவிட ரெண்டு மடங்கு சூடா இருக்குமாம். எத்தனை டிகிரி?”

அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். தெரியலையே என்றேன்.

“யோசிச்சு வை. சாயங்காலம் வந்து சொல்றேன்.”

அப்படிச் சொல்லாதடி என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில் இன்று நல்லதையெல்லாம் அழுகல் கூடையில் போட்டேனாம், ரேடியோ அக்கா சொல்லிச் சொல்லி மாளவில்லை. வீட்டுக்கு வந்து அரிசியைக் களைந்தேன். இரண்டு பேருக்கு அளந்து போட்டுவிட்டு, வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஷூ சத்தம் கேட்கிறது. வந்துவிட்டாள்.