எடையில் சேராத ஒரு மூட்டை

பங்குனி 9, ஞாயிறு

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு அம்மா கண்ணகி எழுதுவது,

அம்மா, அப்பா, முத்தமிழ் மூவரும் இங்கே நன்றாக இருக்கிறோம், காற்றாடப் படல் கட்டிய பட்டறையில் சேர்த்து வைத்திருக்கும் வெங்காயமும் முளைவிடாமல் நன்றாக இருக்கிறது, மிசோரம் மலையில் எல்லைக் காவலில் நிற்கும் உனக்குக் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்பதை முதலில் எழுதிவிட்டுப் பிறகு மற்றதை எழுது. இது வரை அம்மா சொன்னது. அக்கா, இது அம்மாவின் கடிதம்தான், கை மட்டும் என்னுடையது. அம்மா வெங்காயத் தாளை அரிந்துகொண்டே சொல்ல நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், எங்காவது நீர்த்துளி விழுந்து எழுத்து கலைந்திருந்தால் வீட்டில் ஏதோ துக்கம் என்று பயந்துவிடாதே. முக்கியமானதை நான் சொல்றேன், மிச்சத்தை நீயே கோத்து எழுது, நீதான் எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கியே என்று அம்மாவே சொல்லியிருப்பதால் சில இடங்களில் அம்மா சொல்லாததும் வரும். முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த இடங்களை வேகமாகப் படித்துவிடுவேன்.

சென்னைக்குப் போன லோடு என்ன ஆனது, டவர் இல்லாத இடத்தில் மண்டை வெடிக்கிறது என்று கேட்டிருந்தாய். உனக்கு முன்பே தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இருபத்தொரு வீடு சேர்ந்து குழு வைத்தது, அம்மா தலைவி, சென்னையில் பதினான்கு கடை வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து பிரசாத் என்பவர் வந்து நம் சின்ன வெங்காயத்தை உரித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பச்சையாகவே ஒன்றைக் கடித்தும் பார்த்து, மூன்று வாரம் முன்னோட்டமாக அனுப்புங்கள், வாரம் எண்ணூறு பை, ஒவ்வொரு பையும் ஒரு கிலோ, மூன்றில் இரண்டு லோடு தேறினால் வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறோம் என்றார். இதற்காகத்தான் தை மாதமே கருப்பண்ணன் மண்டிக்குப் போயிருக்க வேண்டிய வெங்காயத்தை எல்லோரும் அம்மா பேச்சை நம்பிப் பட்டறை போட்டு வைத்தார்கள். எதிர்வீட்டு அம்சவள்ளி அத்தை தன் மகளின் காதுகுத்தையே தள்ளிவைத்தது. தேறாவிட்டால் முளைவிட்ட வெங்காயத்தோடு இருபத்தொரு வீடும் நம் வாசலில் வந்து நிற்கும், அதில் முதல் ஆளாக நானே நிப்பேன் என்று அத்தை அன்றே சொல்லிவிட்டது.

முதல் லோடு கட்டிய நாள் பால் சொசைட்டி கட்டடமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. கம்பெனி கொடுத்த மின்தராசு நான்கு, சிவப்பு வலைப்பை, கூடவே ஒரு தாள். அந்தத் தாளை நான்தான் முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன். ஒரு கிலோவுக்கு இருபது கிராம் கூடலாம், இருபது கிராம் குறையலாம், அதற்கு மேல் கூடவும் கூடாது குறையவும் கூடாது. குறையக் கூடாது என்றதும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், குறைச்சுப் போடுற வழக்கமெல்லாம் நம்ம ஊருல கிடையாது என்று அம்சவள்ளி அத்தை தாளைப் பார்த்தே பதில் சொன்னது. கூடக் கூடாது என்பதை நான் இரண்டாம் முறையும் படித்தேன். அதைக் கம்பெனிக்காரர் மரியாதைக்குச் சொல்கிறார், பந்தியில் போதும் போதும் என்று சொல்வார்களே அந்த மாதிரி, என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. தராசில் சரியாக ஒரு கிலோ காட்டும், பையை எடுப்பார்கள், வாயைக் கட்டுவதற்கு முன்னால் கை தானாகப் போய் ஒரு பிடி அள்ளிப் பையில் போடும். அளந்து கொடுத்துட்டுக் கையைத் தட்டிட்டுப் போனா மொகத்துல கதவைச் சாத்துன மாதிரில்ல இருக்கு என்றார் அம்மா. ரெட்டிபாளையம் பேக்டரியில் சிமெண்ட் மூட்டை போடும் பிரிவில் இருக்கும் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, ஏம்மா, எங்க பெல்ட்டுல மூட்டை கூடினாலும் தள்ளிவிட்ரும், குறைஞ்சாலும் தள்ளிவிட்ரும், சிமெண்டுக்குக் கொசுறு போட்டு யாராச்சும் பாத்திருக்கீங்களா என்று கேட்டார். சிமெண்டை யாரு கொழம்பு வெக்கிறா, போய்க் கைகால் கழுவுங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் பிரசாத் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் தெருவே கேட்டது. எண்ணூறு பையில் எழுநூற்று நாற்பது திரும்பி வருகிறது என்றார். எடை குறைஞ்சு போச்சா தம்பி என்று அம்மா கேட்டார். இல்லக்கா, கூடிருச்சு என்றார். அம்மாவுக்கு உயிர் வந்தது. அட, அப்ப நல்லதுதானே தம்பி, நான் பயந்தே போயிட்டேன் என்று சிரித்தார். அவர் அரை மணி நேரம் விளக்கினார், பெல்ட் என்றார், கம்ப்யூட்டர் என்றார், பில் போடுவதில் குழப்பம் என்றார், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கூடக் கொடுத்தா திருப்பி அனுப்புற ஊரா அது என்று மட்டும் அம்மா கேட்டார். பிரசாத் மறுபடி பெல்ட்டிலிருந்து ஆரம்பித்தார். லோடு திரும்பிய அன்று மண்டிக்காரர் கருப்பண்ணன் டீ கிளாஸோடு வந்து நின்று ஒவ்வொரு பையும் இறங்குவதைப் பார்த்தார். என் மண்டியில எடை கூடிப்போச்சுன்னு ஒரு நாளாவது ஒரு மூட்டை திரும்பியிருக்கா கண்ணகி என்று கேட்டார். எப்புடிண்ணே திரும்பும், கூடினது எங்க போவுதுன்னு ஒங்க தராசுக்கே தெரியாதே என்று அம்சவள்ளி அத்தை சொன்னது. அவர் டீயை முழுசாகக் குடிக்காமலே போய்விட்டார். ஆனால் அவர் போன பிறகு யாரும் சிரிக்கவில்லை அக்கா. இன்னும் இரண்டு லோடுதான் பாக்கி, இரண்டும் தேற வேண்டும். அன்று அம்மா சாப்பிடவில்லை. இந்த வரியை வேகமாகப் படிக்கப் போகிறேன்.

பையில் ஒரு கிலோ, கூடக் கொசுறு என்று அச்சடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பிரசாத்தைக் கேட்டதற்குக் கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டமே இல்லை என்றார். கடைசியில் அப்பா லீவு போட்டார். இரண்டாம் லோடு கட்டும் இடத்தில், பரீட்சை ஹாலில் பறக்கும் படை நடப்பது போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பை கட்டுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தார். முதல் பத்து நிமிஷத்தில் ஒன்பது பேரைப் பிடித்தார். அம்மாவை இரண்டு தடவை பிடித்தது நான். கை பழகிப்போச்சுடி, நான் என்ன பண்ண என்று அம்மா கோபித்துக்கொண்டார். அப்புறம் அம்சவள்ளி அத்தைதான் வழி கண்டுபிடித்தது. பக்கத்தில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு, பையில் போட வேண்டிய அந்தப் பிடியை அள்ளிக் கூடையில் போட்டது, போட்டதும் கை அமைதியாகிவிட்டது. உடனே எல்லோருக்கும் கூடை வந்தது. எண்ணூறு பையும் கிராம் பிசகாமல் முடிந்தபோது கூடைகளையெல்லாம் கொட்டிப் பார்த்தால் முழுசாக ஒரு மூட்டை. அப்பா தூக்கிப் பார்த்து, சரியா ஒரு சிமெண்ட் மூட்டை என்றார். இதை வீடு வீடாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அது எப்புடி, வாங்குறவங்களுக்குன்னு அள்ளுனதை நாம திங்கிறதா என்று அம்மா அந்த மூட்டையையும் லாரியில் ஏற்றச் சொன்னார். மேலே ஒட்ட ஒரு சீட்டு எழுதச் சொன்னார். இது எடையில் சேராது என்று எழுதினேன்.

எண்ணூறும் தேறியது. ஆனால் பிரசாத் மறுபடி போன் செய்தார். குடோன் கேட்டில் நிற்பவர் பில் இல்லாத மூட்டையை உள்ளே விட மாட்டேன் என்கிறார், இதை எந்தக் கணக்குலக்கா வெக்கிறது என்றார். கணக்குல வெக்காதீங்க தம்பி, கொழம்புல வெச்சுக்குங்க என்றார் அம்மா. பிறகு மூட்டையைக் கேட்டுக்கு வெளியிலேயே பிரித்து, மூட்டை இறக்குகிறவர்களும் பெல்ட் பக்கத்தில் நிற்கும் பெண்களும் கேட் காவலரும் துண்டிலும் துப்பட்டாவிலும் முடிந்துகொண்டு போனார்களாம். மூன்றாம் லோடும் தேறியது, மூட்டையும் போனது.

போன வியாழக்கிழமை பிரசாத் ஒப்பந்தத்தோடு வந்தார். நான்தான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். பதினான்காவது வரியில், ஒவ்வொரு லோடோடும் ஒரு மூட்டை வெங்காயம் கட்டணமின்றிக் கூடுதலாகத் தரப்பட வேண்டும் என்று இருந்தது. அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தம்பி, இதை அடிங்க என்றார். நீங்க அனுப்புறதைத்தானேக்கா எழுதியிருக்கு என்றார் பிரசாத். எழுதிக் கேட்டா அது கொசுறு இல்ல தம்பி, அது வரி, ஒரு வாரம் வெளைச்சல் கொறைஞ்சா எந்த வீட்டுலேர்ந்து நான் வசூல் பண்றது என்றார் அம்மா. இருபத்தொரு வீடும் சுற்றி நிற்கிறது. கையெழுத்தைப் போட்டுத் தொலை கண்ணகி என்று பின்னால் யாரோ சொன்னார்கள், அம்சவள்ளி அத்தை திரும்பி முறைத்ததில் அவர் மறைந்துகொண்டார். பிரசாத் வேப்பமரத்தடிக்குப் போய் ஆபீசோடு பேசினார். அந்த வரியை அடித்தால் மூட்டை வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று மேலே கேட்கிறார்களாம். வராதுன்னு யாரு சொன்னா என்றார் அம்மா. அதையே அவர் போனில் திருப்பிச் சொன்னார், இரண்டு முறை சொன்னார். கடைசியில் வந்து அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார், அம்மாவும் போட்டார். அம்சவள்ளி அத்தை அங்கேயே காதுகுத்துக்குத் தேதி கேட்க ஆரம்பித்துவிட்டது.

பிரசாத் கிளம்பும்போது வீட்டுக்கு ஒரு கிலோ எடுத்துப் போங்க என்று அம்மா ஒரு பையை அவர் கண் முன்னாலேயே தராசில் வைத்தார். சரியாக ஆயிரம் கிராம், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை, பாருங்க தம்பி, கத்துக்கிட்டோம் என்று கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் போகவில்லை. பையின் வாயைச் சுருக்காமல் விரித்துப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். அம்மா சிரித்துக்கொண்டே குவியலில் கையை விட்டார், ஒரு பிடி இல்லை, இரண்டு கையாலும்.

அக்கா, அம்மா தாள் அரிந்து முடித்துவிட்டார், முடிக்கச் சொல்கிறார். எல்லையில் நிற்கும்போது காதை மூடிக்கொள்ள வேண்டுமாம், உன் கூட இருக்கும் பிள்ளைகள் எந்த ஊராக இருந்தாலும் நீ மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாதாம், காதுகுத்து வைகாசியில், லீவு கேட்டுப் பார்க்க வேண்டுமாம். திரும்பி வந்த லோடில் நசுங்கிய வெங்காயத்தில் வடகம் போட்டுப் பெரம்பலூர் தபால் ஆபீசிலிருந்து பார்சல் அனுப்பியிருக்கிறோம். நீ எங்கே நின்றாலும் உன் காலுக்கு முள்ளும் உன் வயிற்றுக்குப் பசியும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறார்கள்.

பார்சலின் மேல் ஒரு கிலோ என்று எழுதியிருக்கும். வந்ததும் எடை போட்டுப் பார்த்து எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
த. கண்ணகி
(எழுதியது: முத்தமிழ், பத்தாம் வகுப்பு)