சீமாட்டியின் வலது காது

ஆகஸ்ட் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய், சண்டை போட ஆள் இல்லையே. "போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன். சொல்றத எழுதுங்க. கடுதாசியில உங்களால கத்த முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாய். இதோ எழுதுகிறேன். கத்தவில்லை.

விஷயம் நம் சீமாட்டியைப் பற்றியது. நீ போனதிலிருந்து அந்தக் குதிரை யாரையும் தலைப்பக்கம் கைவைக்க விடுவதில்லை. கடிவாளத்தைப் பார்த்தாலே கழுத்தை வானத்துக்குத் தூக்கிக்கொள்கிறது. வலது காதுப் பக்கம் கை போனால் தீர்ந்தது. நேற்று என்னைத் தடுப்புக் கட்டையோடு வைத்து அழுத்தியதில் முழங்கை பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. அதை நம் லாயத்தில் விட்டிருக்கிற சொந்தக்காரர், பல் டாக்டர், வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஏறவும் முடியல, ஓட்டவும் முடியல. தீனி மட்டும் குறைவில்லாம போகுது. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வருவேன். என் கண்ணு முன்னால கடிவாளம் போடுங்க. இல்லன்னா தரகர்கிட்ட தள்ளிவிட்டுடுவேன்" என்றார். அந்தத் தரகர் வாங்குகிற குதிரைகள் கறிக்குத்தான் போகும் என்று உனக்குத் தெரியும்.

எத்தனை முரட்டுக் கால்களை மடியில் பிடித்து லாடம் அடித்தவன் நான்! இந்த ஒரு காது எனக்கு அடங்க மாட்டேன் என்கிறதே. நீ தினமும் கடிவாளம் மாட்டினாயே, என்ன மாயம் செய்தாய்? எழுது. எழுதுவதைவிட நேரில் வந்தால் நல்லது. எப்போது வருகிறாய்?

உன் வீட்டுக்காரன்

பி.கு.: லாயத்துக் குழாய் ஒழுகுகிறது. வாஷரை எங்கே வைத்துத் தொலைத்தாய்?


ஆகஸ்ட் 8

அன்புள்ள உங்களுக்கு,

வாஷர் தொலையவில்லை. அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும். முழங்கைக்கு ஐஸ் வையுங்கள். குதிரைக்குத் தடவுகிற தைலத்தைத் தடவாதீர்கள். இந்நேரம் தடவியிருப்பீர்கள், எனக்குத் தெரியாதா?

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. நம்மிடம் வருவதற்கு முன்னால் யாரோ பாவி அந்தக் காதை முறுக்கிப் பிடித்து ஊசி போட்டிருக்கிறான். அவள் அதை மறக்கவில்லை. நீங்கள் எதிரே போய் நிற்காதீர்கள். தோளோடு தோளாக, அவள் பார்க்கிற பக்கமே பார்த்து நில்லுங்கள். கழுத்தில் கை வையுங்கள், அங்கே அவளுக்கு ஆட்சேபம் இல்லை. மெதுவாகக் காது நோக்கி நகர்த்துங்கள். உடம்பு விறைக்கிற இடத்தில் நிறுத்துங்கள். அழுத்தவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். தலையை உதறும்போது கையை எடுத்தால், உதறினால் போதும் என்று கற்றுக்கொள்வாள். அவளாக மூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்துவாள் பாருங்கள், அந்த நிமிஷம் கையை எடுத்துவிட்டுப் பின்னால் தள்ளி நில்லுங்கள். பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் தூரம் விடுவாள்.

உங்கள் தொழிலில் காலைப் பிடித்தால் வேலை முடிகிற வரை விடக் கூடாது. இதில் விடுவதுதான் வேலை.

எப்போது வருகிறேன் என்றால், தெரியாது. இங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித் தருகிறேன். பயந்த பிள்ளைகளைப் பயந்த குதிரைகளில் ஏற்றிவிட்டு ரெண்டு பேரையும் நானே சமாதானம் செய்கிறேன். நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
நான்


ஆகஸ்ட் 15

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

வாஷர் கிடைத்தது. தைலம் தடவியது உண்மைதான், தோல் உரிந்துவிட்டது. சிரிக்காதே.

நீ எழுதியபடியே அச்சுப் பிசகாமல் செய்தேன். தோளோடு தோளாக நின்றேன், கையை நகர்த்தினேன், நிறுத்தினேன். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் அது நிஜமாகவே தலையைத் தாழ்த்தியது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடி என் தங்கமே!" என்று கழுத்தைத் தட்டினேன், நெற்றியைத் தடவினேன், இதோ ஒத்துக்கொண்டதே என்று அப்படியே காதையும் பிடித்தேன். என் சட்டைப் பையைக் கடித்துக் கிழித்துவிட்டது. அதற்கப்புறம் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. நான் என்ன தப்பு செய்தேன், நீயே சொல்.

இதற்குத்தான் சொல்கிறேன், நீ வர வேண்டும். அங்கே ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல், அதுவும் திறக்காது என்றாயாம், உன் அக்கா சொன்னாள். அந்தச் சம்பளம் போக வரச் செலவுக்கே சரியாகப் போகும். இங்கே உனக்கு என்ன குறை? அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள், வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கிறேன். சமைக்கத் தெரியாமல் கருக்கிக் கருக்கித் தின்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் நெருங்குகிறது. நீ கொஞ்சம் யோசித்துப் பார். எப்போது வருகிறாய்?

உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 20

அன்புள்ள உங்களுக்கு,

சிரித்தேன். பிறகு கோபம் வந்தது.

அவள் தலையைத் தாழ்த்தினாள் அல்லவா? அதுதான் அவள் சொல்கிற "சரி". அதோடு கையை எடுத்திருக்க வேண்டும். சரி சொன்ன பிறகும் தட்டி, தடவி, காதைப் பிடித்தால் அவள் என்ன நினைப்பாள்? சரி சொல்லியும் பிரயோஜனம் இல்லை, கடித்தால்தான் விடுவார்கள் என்றுதான் நினைப்பாள்.

எழுத வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். இந்த வேலைக்குப் போகக் கூடாது என்று நீங்கள் ஆரம்பித்த சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். "சரிங்க, போகல" என்றேன். மனசார சொன்னேன். அதோடு விட்டீர்களா? தட்டெல்லாம் காய்ந்து அடுக்கி முடிக்கிற வரை பேசினீர்கள். ஏன் போகக் கூடாது, போனால் என்ன ஆகும், உனக்கு ஏன் இந்த யோசனை வந்தது என்று. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது மறுபடி. "போகலன்னு சொல்லிட்டேனே" என்றேன். "அதில்ல விஷயம்" என்றீர்கள். போகவில்லை என்று சொன்னவளைப் பெட்டி கட்ட வைத்தது நீங்கள்தான். இது உங்களுக்குத் தெரியவே தெரியாது என்று நினைக்கும்போதுதான் எனக்கு அழுகை வருகிறது.

சீமாட்டியை விட்டுவிடாதீர்கள். அவளுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
நான்


செப்டம்பர் 1

அன்புள்ள உனக்கு,

சீமாட்டி தலையைத் தாழ்த்தினாள். கையை எடுத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றேன். அவளாக ஒரு அடி முன்னால் வந்து, கிழித்த பையிலேயே மூக்கைத் தேய்த்தாள். நான் சும்மா நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் முன்னால் கடிவாளம் மாட்டினேன். வலது காது துடித்தது, ஆனாலும் விட்டாள். இனித் தரகரெல்லாம் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

நீ எழுதிய மற்ற விஷயத்துக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நீ சொன்னது சரி.

உன் வீட்டுக்காரன்


செப்டம்பர் 6

என்னங்க,

சீமாட்டி பிழைத்தாள் என்று படித்ததும் இங்கே லாயத்தில் உட்கார்ந்து அழுதேன். குதிரைகள் எல்லாம் என்னையே பார்த்தன.

அழுது முடித்துவிட்டு மறுபடி படித்தேன். இவ்வளவுதானா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள்ளேயும் விரலை விட்டுத் துழாவினேன். எப்போது வருகிறாய் என்று எங்கேயும் இல்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று பயந்தே போய்விட்டேன். உங்கள் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அவனுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கான்" என்றார்.

நான் இந்த வேலையை விட்டுவிட்டு வரப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இங்கே குதிரைகளுக்கெல்லாம் லாடம் தேய்ந்து கிடக்கிறது. வருகிற ஆள் ஆணியைக் கோணலாக அடிக்கிறார். மேலாளரம்மாவிடம், "எனக்குத் தெரிஞ்ச லாடக்காரர் ஒருத்தர் இருக்கார், ரொம்ப நல்ல கை" என்றேன். "உங்களுக்கு அவர் என்ன வேணும்?" என்று கேட்டார். "வீட்டுக்காரர்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஜன்னல் இப்போது திறக்கிறது, நானே இடித்துத் திறந்துவிட்டேன். உங்கள் கருவிப் பெட்டியை வைக்க அறையில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள், இப்போதைக்கு அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைத் தேடிக்கொண்டு வராதீர்கள். இறங்கிய இடத்திலேயே நில்லுங்கள், நான் வருகிறேன்.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள் வீட்டுக்காரி