நலாக்சோனுக்கு ஆயுசு குறைவு

ஜூலை 14, 1993. புதன்.
விடிந்ததிலிருந்து சாரல். ஸ்கூட்டர் கிளம்ப ஒரே அடம். முதல் கேஸ் பழனிசாமி, 52, கிணத்துக்கடவு, தென்னந்தோப்புக்காரர். பித்தப்பைக் கல். வழக்கமாகப் போடும் வலிமருந்து பெத்தடின் ஸ்டாக் இல்லை. மயக்க மருந்தோடு மார்ஃபின் கொடுத்தேன். கை பழகாத மருந்து. கொஞ்சம் தாராளமாகவே போய்விட்டது.

11.30. வார்டு. மூச்சு நிமிடத்துக்கு ஆறு. கண்மணி ஊசிமுனை. மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் போட்டதும் கண் திறந்து தண்ணீர் கேட்டார். எனக்கு ஒரே பெருமை. மனைவி சரஸ்வதியிடம், "இனி பயமில்லைங்க. எழுப்பாதீங்க, தூங்கட்டும்" என்றேன். சாப்பிட வீட்டுக்கு.

12.40. போன். ஆள் நீலம் பாரித்துக் கிடக்கிறாராம். ஓடினேன். தொண்டையில் குழாய் போட்டு, காற்றுப் பை அமுக்கி, மறுபடி நலாக்சோன், இந்தமுறை டிரிப்பில். பிழைத்தார்.

15, வியாழன்.
மழை விட்டது. பழனிசாமிக்குப் பேச்சு தெளிவு. இட்லி கேட்கிறார்.

மார்ஃபின் நாலு மணி நேரம் நிற்கும். நலாக்சோன் முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி. அது விலகியதும் மார்ஃபின் பழைய இடத்தில் வந்து உட்காரும். மூளை மூச்சை மறக்கும். பயிற்சி டாக்டர்களிடம் நானே கேட்கும் கேள்வி. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்.

வராந்தாவில் பழனிசாமியின் தாயார், சொந்தக்காரர்களிடம்: "இவ பக்கத்துலயே உக்காந்திருந்தாளுங்க. எம்பையன் மூச்சு நிக்கறது தெரியாத மரக்கட்டை." சரஸ்வதி தலை நிமிரவில்லை. டாக்டர் சொல்லித்தான் எழுப்பவில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்கம்.

சர்ஜன்: "பேஷன்ட் நல்லா இருக்காரில்ல, விடுங்க."

16, வெள்ளி.
பாலக்காட்டுக் காற்று. வாங்க: பிளேடு, பேனா மை, குடைக்கம்பி. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

சரஸ்வதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மருந்து திரும்பும் என்று தெரிந்தும் போனது நான். உங்கள் மேல் தப்பு ஒன்றுமில்லை. நான்தான் எழுப்ப வேண்டாம் என்றேன் என்று அவர்களிடம் நீங்கள் ஏன் சொல்லவில்லை?

"உசுரு குடுத்தவிங்க. உங்களைப் போயி எப்படிங்க காட்டிக்குடுக்கறது?"

அழுதார். முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டார்.

"எனக்குச் சொல்லி என்னாகுதுங்க. எங்கத்தைகிட்டச் சொல்லிப்போடுங்க."

அத்தை வராந்தாவில், ஏழெட்டுச் சொந்தங்களோடு. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். கையை இறக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.