மூன்று நாள் இருந்த கல்

மச்சான்,

இன்று காலை ஈப்போவில் ஒரு நகைக்கடையில் உட்கார்ந்திருந்தேன். உன் பேத்திக்கு நிச்சய மோதிரம் எடுக்க வேண்டும். தாத்தாவுக்குக் கல் பார்க்கத் தெரியும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கடைப்பெண் ஒரு வைரத்தை எடுத்து அதன்மேல் வாயால் ஊதிக் காட்டினாள். படிந்த ஆவி உடனே மறைந்தது, அசல் வைரம்தான். ஜப்பான்காரன் காலத்தில், நீ எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருக்க, நான் இப்படித்தான் ஊதிப் பார்த்தேன்.

நீ கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினாய். நான் ஈப்போ நகைப் பட்டறையில் கல் பதித்தேன். என் தங்கச்சியை நீ கட்டிய பிறகும் நமக்குள் வாடா போடாதான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று தோட்டமே நடுங்கிக்கொண்டிருந்தது. பட்டியல் எழுதியவர் உங்கள் தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணி. மதிப்பிழந்துகொண்டிருந்த ஜப்பான் நோட்டை அவர் கையால் தொடவில்லை. மனைவியின் மூக்குத்திக்கு ஒரு வைரம் கொண்டுவந்தால் உன் பெயரை அடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். தங்கச்சி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

உன்னிடம் இருந்ததோ ஒரு கறவை மாடு. பேரப்பிள்ளைக்குப் பால் கிடைக்காமல் தவித்த ஒரு செட்டியார் வீட்டு ஆச்சி, மாட்டுக்குப் பதில் தன் மூக்குத்திக் கல்லைத் தர ஒத்துக்கொண்டார். மாட்டை அங்கே கட்டிவிட்டு, கல்லைத் துணியில் முடிந்துகொண்டு நேரே என்னிடம் வந்தாய். நேரே கிராணி வீட்டுக்குப் போயிருக்கக் கூடாதா?

நான் பெரிய மேதாவி அல்லவா! வெள்ளைத்தாளில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன், மஞ்சள் இல்லை. பட்டைகள் கூர்மை. உள்ளே ஒளி ஓடும் நீரோட்டமும் நன்றாக இருந்தது. பிறகு பூதக்கண்ணாடியை வைத்தேன். ஓரத்தில் ஒரு கரும்புள்ளி, கடுகில் பாதிகூட இல்லை. புள்ளிக் கல் தோஷம் என்று சொல்லியே வளர்ந்தவன் நான். வைரம் என்றால் மூன்று நாள் வீட்டில் வைத்து, கெட்டது எதுவும் நடக்கவில்லையென்றால்தான் ஏற்பது நம் வழக்கம்.

"நம்மளா போடப் போறோம்? குடுத்துட்டு வந்துடுறேன்லா" என்று நீ சிரித்தாய்.

"அவன் வீட்டுல ஏதாச்சும் ஆச்சுன்னா திரும்ப உன் பேரத்தான் எழுதுவான். மூணு நாள் வச்சுப் பாரு" என்றேன்.

இரண்டாம் நாள் மழையில் நனைந்துகொண்டு சைக்கிளில் வந்தாய். வீட்டில் ஒரு கோழிகூடச் சாகவில்லை, கிராணி வேறு இரண்டு தடவை கேட்டுவிட்டார், கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாய். "இன்னும் ஒரு நாள்தானே" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாய். என் பேச்சை எப்போதாவது நீ மீறியிருக்கக் கூடாதா?

மூன்றாம் நாள் விடியலில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கே லாரி வந்து நின்றதாம். பெயர் கூப்பிட்டு ஏற்றினார்களாம். கல் அரிசி டின்னில் கிடந்தது. தங்கச்சி அதை எடுத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி ஓடியபோது லாரி கிளம்பிவிட்டிருந்தது. கிராணி கல்லைப் பார்க்கக்கூட இல்லை, இனி தன் கையில் ஒன்றுமில்லை என்றார். வழக்கப்படி கல்லை ஆச்சியிடம் திருப்பிக் கொடுத்தோம். அவரும் மறுபேச்சில்லாமல் மாட்டை அவிழ்த்துவிட்டார். மாடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. நீ வரவில்லை.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். உன்னைக் காய்ச்சலோடு பார்த்ததாக ஒருவன் சொன்னான். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை.

இன்று கடைப்பெண் நிறம், தெளிவு, வெட்டு, எடை என்று சான்றிதழில் விரல் வைத்து விளக்கினாள். ஒரு கல்லில் புள்ளியைக் காட்டி, இது ஆகாதே என்றேன். "அது கல்லோடயே பொறந்தது தாத்தா. ஓரத்துலதான இருக்கு, பதிக்கிறப்ப கல்லப் பிடிக்கிற கம்பிக்கு அடியில போயிரும்" என்றாள். கல் பதிப்பதே என் தொழில், மச்சான். அரை மணி நேர வேலை. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை. தோஷம் என்று மட்டும்தான் தோன்றியது.

உன் பேத்தி ஆசையாக ஒரு வைர மூக்குத்தியை எடுத்து, எங்களோடு வந்திருந்த தங்கச்சியின் முகத்தருகே வைத்துப் பார்த்தாள். தங்கச்சி அவள் கையைத் தள்ளிவிட்டாள். மூன்று நாள் வைக்கச் சொன்னது யார் என்று நீ அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நானும் இந்த வயதுவரை சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன்.

"வேணாம்மா. ஒரு கல்லு நம்ம வீட்டுல மூணே நாளுதான் இருந்துச்சு. ஒங்க தாத்தாவக் கொண்டுட்டுப் போயிருச்சு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லயாண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, கல்லுதான்" என்றேன்.